எருமைக்குத் தெரியாத சாபம்

அக்கா யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்கிறவள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். இத்தனை வருஷம் கழித்து அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், முதுகுக்குப் பின்னால் நிற்கிறாளோ என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். அவள் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதும் இல்லை. முகத்துக்கு நேரே அக்கா, மறைவில் பூச்சாண்டி.

அமிர்தி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மழை விட்டு ஆவாரஞ்செடியில் சாறு ஏறியதும் பெண்கள் கூட்டமாகச் சரிவுக்குப் போவோம். கொம்பை வெட்டி, கட்டையால் தட்டி, பட்டையை உரித்து, காயவைத்துக் கட்டித் தலைச்சுமையாகக் கீழே இறக்க வேண்டும். அடிவாரத்தில் மாட்டுவண்டி நிற்கும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு அது போகும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. என் வீட்டுக்காரர் பட்டைவண்டி ஓட்டினார், நான் பட்டை உரித்தேன். எங்கள் கூட்டத்துக்கு அக்காதான் மேஸ்திரி.

நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் முதல் நாள் மலைக்குப் போனபோதே அக்கா என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பயந்துனு கீறியாடி?"

"ஆமாக்கா."

"நல்லது. பயந்தவ பானையில சோறு வேவும். துணிஞ்சவ பானையில பூனை தூங்கும். எம் பின்னாலயே வா."

அவள் முன்னால் நடப்பாள். திடீரென்று நிற்பாள். நின்றால் நாங்கள் மூச்சுக்கூட விடக் கூடாது. ஒருநாள் காலை, புதர் மண்டிய பள்ளத்தில் இறங்குகிற இடத்தில் அப்படி நின்றாள்.

"இன்னா கேக்குது?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கலக்கா."

"அதான் பேஜாரு. ஒரு குருவிகூட கத்தல. திரும்புங்கடி."

ஒரு நாள் கூலி போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினோம். சாயங்காலம் ஆடு மேய்க்கிறவன் ஒருவன் சட்டை கிழிந்து ஊருக்குள் ஓடிவந்தான். அதே பள்ளத்தில் சிறுத்தை அவன் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அன்றிலிருந்து அக்கா எதைக் காட்டிப் பயப்படச் சொன்னாலும் நாங்கள் மறுகேள்வி கேட்டதில்லை. தேன்கூடு என்றால் தேன்கூடு, பாம்பு என்றால் பாம்பு. மற்ற கூட்டங்களில் வருஷத்துக்கு ஒருத்தியாவது மலையிலிருந்து கட்டிலில் இறங்குவாள். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் நடந்தே வீடு திரும்பினோம்.

அவள் காட்டின பயங்களிலேயே பெரியது ஈரப்பாறை.

இறங்குகிற வழியில் ஒரு அகலமான சாய்வுப் பாறை. மழைக்காலம் தொடங்கினால் மாசி வரைக்கும் அதன்மேல் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டம் கிடையாது, கசிவுதான். மேலே விரற்கடை மணல். அந்த மணலில், காலணா அகலத்துக்குச் சின்னச் சின்னதாய்ச் செக்கச்சிவந்த செடிகள் தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும். இலை முழுக்க முடி. ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு சொட்டு. உச்சி வெயிலில் ஊர் மொத்தமும் காய்ந்து கிடக்கும்போதும் அந்தச் சொட்டு மட்டும் காயாது. எறும்போ கொசுவோ வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்லச் சுருண்டு அதை மூடும். மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் தோல்தான் கிடக்கும். நான் அதை முதன்முதலில் குனிந்து பார்த்தபோது அக்கா என் சடையைப் பிடித்து இழுத்தாள்.

"அது பேரு அழுகண்ணி. பூச்சிய மட்டுந்தான் திங்குதுன்னு நெனைக்காத. அத மிதிச்சவளுக்குக் கண்ணுல தண்ணி நிக்காது. ஊத்தி ஊத்தியே கண்ணு போய்டும். அவளோட வுடாது, அவ பெத்ததையும் புடிக்கும்."

அந்தப் பாறையைக் கடந்தால் வண்டித்தடம் கூப்பிடு தூரம். ஆனால் நாங்கள் கடக்க மாட்டோம். பாறைக்கு முன்னால் இரண்டு நட்டுக்கல் இருந்தன. அந்த இடம் வந்ததும் முந்தானையைக் கண்ணுக்கு மேலே இழுத்துக்கொண்டு, தலைச்சுமையோடு முள்ளுப் பள்ளத்தில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவோம். கழுத்து ஒடிந்துபோகும். வாய்க்குள் அவளைத் திட்டுவோம். திட்டினாலும் சுற்றித்தான் போவோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் பயப்படக் கூடாது என்று பிரசங்கம் செய்வார். நானும் உருக்கமாகத் தலையாட்டிவிட்டு வருவேன். திங்கட்கிழமை நட்டுக்கல் வந்தால் என் முந்தானைதான் முதலில் கண்ணுக்குப் போகும்.

அந்தச் சாபம் பொய் என்று எனக்குத் தெரிந்தது ஒரு சாமியாரால்.

செம்பைப் பொன்னாக்க அழுகண்ணிச் சாறு வேண்டும் என்று அப்போது சிலர் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். பக்கத்து மலைகளில் கசிவு இருந்த பாறைகளையெல்லாம் சுரண்டித் துடைத்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஈரப்பாறையில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதைக் கேள்விப்பட்டுத் தாடியும் காவியுமாக ஒருவர், கோணிப்பையும் இரும்புக் கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கூட்டம் முன்னால் போய்விட்டது. நான் மறந்துவிட்ட தட்டுக்கட்டையை எடுக்கத் திரும்பி வந்தேன். புதருக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பதைப் பார்த்தேன். மடியிலிருந்து ஒரு பிடி எடுத்தாள். காய்ந்த பட்டைத் தூள். தோல் ஷாப்பில் பட்டை இடிக்கிறவர்கள் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? மிளகாய்ப்பழம் மாதிரி இருக்கும். அந்தத் தூளை எடுத்து இரண்டு கண்ணிலும் தேய்த்துக்கொண்டாள். வலியில் உடம்பே ஒரு சுற்றுச் சுற்றியது. சத்தம் வரவில்லை. பிறகு தட்டுத்தடுமாறிச் சாமியார் முன்னால் போய் நின்றாள்.

"எடுத்துக்கோ சாமி. நானும் எடுத்தவதான். இந்தக் கண்ணப் பாத்துட்டு எடு."

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "இன்னாம்மா ஆச்சு கண்ணுக்கு?"

"மூடுனா ஊத்துது, தொறந்தா எரியுது. வைத்தியரு கைய விரிச்சிட்டாரு. வெரலால தொட்டதுக்கே எனக்கு இது. நீ கோணி நெறைய அள்ளினு போனா, உம் பொண்டாட்டி புள்ளைங்க கதி இன்னா ஆவறது?"

"எனக்கு ஏதும்மா பொண்டாட்டி புள்ளை? நான் சாமியார்."

"ஐயோ பாவம்," என்றாள் அக்கா. "அப்ப மொத்தமும் உனக்கேதான் வரும்."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. அவள் முகத்தில் தாரை தாரையாக ஊற்றுகிறது, இரண்டு கண்ணும் ரத்தக்கட்டி. தூள் என்று தெரிந்திருந்தும் என் கை முந்தானையைக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டது. அந்த மனிதர் கரண்டியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார்.

அக்கா திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"பாத்துட்டியா?"

"பட்டத்தூளுதானேக்கா அது? அப்ப சாபம்?"

அவள் பாறை ஓரத்தில் உட்கார்ந்து கசிவுத் தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"எனக்கு ஒரே பொண்ணு. பட்ட உரிக்க வர்றப்ப கூட்டினு வருவேன். நான் மேல வேல செய்யறப்ப அது இங்கதான் கெடக்கும். எறும்பு புடிச்சு இதுங்களுக்கு ஊட்டும். 'சாப்டு கண்ணு, சாப்டு கண்ணு'ம்பா. பொழுதன்னிக்கும் இந்தப் பாறை மேல வெறுங்காலோட குதிக்கறதுதான் வேல. விஷக்காய்ச்சல் வந்த வருஷம் போய்ட்டா. அன்னிக்கி ஊர்ல அத்தினி பொணம். ஒரே குழியா வெட்டி, சுண்ணாம்பக் கொட்டி மூடிட்டாங்க. எந்த எடத்துல எம் பொண்ணுன்னு எனக்குத் தெரியாது. துணிமணி எல்லாம் கொளுத்திட்டாங்க. படமா கீது? ஒண்ணும் இல்ல. இதான்டி மிச்சம். இதயும் சுரண்டினு போய்ட்டா நான் எங்க போய் அவளப் பாக்கறது?"

அவள் எழுந்து என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"வெளிய சொன்ன, உங் கண்ணு போய்டும்."

"இன்னாக்கா, பொய்யின்னு இப்பதான சொன்ன?"

"பொய்தான். ஆனா பயப்படு."

பயப்பட்டேன். கர்த்தர் சாட்சியாக, பொய் என்று தெரிந்த பிறகும் முந்தானையை இழுத்துக்கொண்டுதான் போனேன்.

வருஷங்கள் போயின. பயத்துக்குக் கால் முளைத்துவிட்டது. எங்கள் கூட்டத்தில் தொடங்கியது பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போனது. ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் ஓட்டுவதை நிறுத்தினார்கள். காட்டிலாகா காவல்காரர்கூட நட்டுக்கல் வந்தால் பூட்ஸைத் திருப்பிக்கொண்டு போனார். ஊரில் யாருக்குக் கண்ணில் பூ விழுந்தாலும், "எப்பவோ மிதிச்சிருப்பா" என்றார்கள். எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தி. அவளுக்குப் பிறந்த பையனுக்கு மாறுகண். அவ்வளவுதான், ஊரே அவள்மேல் பாய்ந்தது. சூலியாக இருக்கும்போது சோம்பேறித்தனத்தில் குறுக்கே நடந்திருக்கிறாள், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆகிறது என்று. மலைக்கு அவளோடு நடந்தால் ஒட்டும் என்று அவளைக் கூட்டத்தைவிட்டே துரத்தினார்கள். "நான் மிதிக்கலக்கா, நீயாவது சொல்லுக்கா" என்று அவள் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் நான் அக்காவுக்கே பயந்தேன். இவள் அந்தச் செடிக்காக எதையும் கொடுப்பாள் என்று தெரிந்துவிட்டது.

சாமியாருக்குப் பிறகும் பலர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா கண்ணைக் காட்டினாள். எத்தனை பிடி தூள் அந்தக் கண்களுக்குள் போயிற்றோ, கடைசியில் தூள் தேவைப்படாமலே தண்ணீர் வடியத் தொடங்கியது. இமை தடித்துவிட்டது. ஓயாமல் முந்தானையால் ஒற்றிக்கொள்வாள். பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் தலையசைத்துக்கொண்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்து முடிவில் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"எனக்குப் பார்வை மங்கிப்போச்சு. நீ வந்து பாத்துச் சொல்லு. பாறையில ஒரே பச்சையா தெரியுது."

போனேன். பாறை முழுக்கப் புல். கோரை முழங்காலுக்கு மேலே வளர்ந்து, வேரும் வேரும் பின்னிக் கிடந்தது. விலக்கிப் பார்த்தேன். அடியில் இருட்டு, ஈரம், அழுகின புல்தாள். சிவப்பு ஒரு பொட்டு இல்லை. அக்கா மண்டிபோட்டுக் கையால் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"எதுனா கீதாடி?"

"இல்லக்கா."

"நல்லா பாருடி."

"இல்லக்கா."

பாறையின் கீழ்மூலையில் மட்டும் தரை சேறாகிக் கிடந்தது. கீழ் ஊர்க்காரன் ஒருவனுடைய எருமைகள் அங்கே தண்ணீருக்கு வரும். புல் மிதிபட்டு, குளம்புத்தடமாகப் பள்ளம் பள்ளமாய் இருந்தது. அந்தக் குளம்புத்தடங்களுக்குள்ளே பார்த்தேன். சிவப்பு. ஒவ்வொரு பள்ளத்து ஓரத்திலும் கடுகு கடுகாய், இலையும் சொட்டுமாய்.

"அக்கா, எருமை மிதிச்ச எடத்துல கீது!"

அவள் தவழ்ந்து வந்தாள். விரலால் தடத்தைச் சுற்றித் தடவினாள். வெகுநேரம் தடவினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எருமைக்குச் சாபம் தெரியாது," என்றாள். "அதுக்கு நான் சொல்லல இல்ல."

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"எம் பொண்ணு நாள்பூரா குதிச்சாளே, அதாலதான்டி இது இருந்திச்சு. அவ காலு புல்ல ஏற வுடல. அவ போன பொறவு உங்க எல்லார் காலயும் நான் நிறுத்திட்டேன். ஆட்டு வாயையும் நிறுத்திட்டேன். சுரண்டறவன் வந்தா கொஞ்சமாவது வுட்டுட்டுப் போயிருப்பான். நான் ஒண்ணுத்தையும் வுடல. நானே கொன்னுட்டேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதை கேட்டிருக்கிறேன். வேலி உட்கார்ந்து அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்கு வந்த பெண்களை நட்டுக்கல் பக்கத்தில் நிறுத்தி அக்கா உண்மையைச் சொன்னாள். சாபம் கீபம் எதுவும் கிடையாது, எல்லாம் நான் கட்டின கதை, இனிமேல் சுமையோடு இந்தப் பாறைமேலேயே நடங்கள், புல்லை மிதியுங்கள், பிடுங்குங்கள் என்று கெஞ்சினாள். கெஞ்சும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்றுகிறது. ஒற்றிக்கொள்கிறாள், மறுபடியும் ஊற்றுகிறது.

"பொய்யாம்! கண்ணப் பாரு, கொழாயாட்டம் ஊத்துது!" என்றாள் ஒருத்தி.

"அக்கா பேசலடி. அழுகண்ணி பேச வெக்குது. பலி கேக்குது," என்றாள் இன்னொருத்தி.

அவ்வளவுதான். கட்டையை, கத்தியைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். நான் எத்தனை சொல்லியும் ஒருத்தி காதிலும் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா? சேதி கீழ் ஊருக்கும் எட்டியது. எருமைக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டு வந்து மந்தையை வேறு ஓடைக்கு ஓட்டிப் போய்விட்டான். எருமைக்குக் கண் போனால் அவன் பிழைப்பு என்னாவது? அந்த மூலையிலும் கோரை முளை விடத் தொடங்கியது.

அக்கா தனியாகப் போய்ப் புல் பிடுங்கினாள். நானும் முடிந்தபோது போனேன். பிடுங்கப் பிடுங்க வளர்ந்தது. இரண்டு பேர் காலும் கையும் அந்தப் பாறைக்குக் காணாது. ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"உம் பொண்ண எறக்கி வுடறியா?"

என் மகளுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. ஒரே பிள்ளை.

"நான் மிதிக்கறேன்க்கா. அவ எதுக்கு?"

"நீ மிதிச்சா நம்ப மாட்டாங்க. அக்காவோட சேந்துகிட்டான்னுவாங்க. பெத்தவ தன் புள்ளைய எறக்கி வுட்டாத்தான் நம்புவாங்க. நான் கேக்கக் கூடாதுதான். இனிமே ஒரு மழதான்டி தாங்கும். அந்த மூலையும் மூடிடுச்சின்னா அவ்ளோதான்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொய்னா பொய்தான். ஆனா நமக்கெதுக்கு வம்பு?" என்றார். அதேதான் என் மனசிலும் ஓடியது. பொய் என்று எனக்குத் தெரியும். தூளை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். ஆனாலும் எத்தனை வருஷம் முந்தானையை இழுத்துக்கொண்டு நடந்தேன்! அந்தப் பயம் என் எலும்புக்குள் இறங்கியிருந்தது. தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம், நெஞ்சு அடித்துக்கொள்வது இன்னொரு பக்கம். ஜெபம் பண்ணினேன். ஜெபம் முடிந்ததும் மறுபடியும் பயந்தேன். அந்தக் குழியில் எங்கேயோ கிடக்கிற பெண் குழந்தையை நினைத்துக்கொண்டுதான் கடைசியில் கிளம்பினேன்.

பெண்கள் நட்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாய்விட்டு அழுதாள். பாறை விளிம்பில் நானும் மகளும் நின்றோம். அவள் உள்ளங்கை என் கைக்குள் வேர்த்திருந்தது. எனக்குக் கை திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை, விரல் மரத்துப்போய்விட்டது.

அக்கா என் பக்கம் திரும்பினாள். என்ன கண்டாளோ, "வேணாம்டி," என்றாள். "கூட்டினு போய்டு. செடிதானே, போனா போட்டும்."

அவள் அப்படிச் சொன்னதும்தான் என் விரல் பிரிந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். பிறகு கோரைக்குள் பாய்ந்து கிறீச்சிட்டுக்கொண்டு ஓடினாள். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், சேற்றில் குதித்தாள். ஒவ்வொரு குதிக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. நானும் இறங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன்.

மறுநாள் காலை மகள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கண்ணும் செக்கச்சிவந்து, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் அடுப்புப் பூனை வெளியே ஓடியது. கதவைச் சாத்தினேன். யாராவது பார்த்தால் முடிந்தது, அக்காவைக் கல்லால் அடித்தே கொன்றுவிடுவார்கள். பார்க்காவிட்டாலும் என் பிள்ளை கண் இருக்குமா, போகுமா? நான் தாயா, பேயா? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே மோப்பம் பிடித்தவள் மாதிரி வந்தாள், முந்தானை நிறைய நந்தியாவட்டைப் பூவோடு. குழந்தையின் கண்மேல் குளிர்ச்சிக்குப் பூவை வைக்கும்போது அவள் விரல்கள் நடுங்கின. ஊரையே நடுங்க வைத்தவள் நடுங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"நான் சும்மாதான்டி சொன்னேன்," என்றாள், குரலே எழவில்லை. "சும்மா சொன்னது பலிச்சிடுச்சா?"

வீட்டுக்காரர் வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிள்ளையின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார்.

"நேத்து வர்றப்ப வண்டியில பட்டக்கட்டு மேலதான படுத்துத் தூங்கினா? தூளு கையில ஒட்டியிருக்கும், தேச்சிருப்பா. பின்ன செவக்காம வெளுக்குமா?" என்றார்.

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பட்டைத்தூள். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவேயில்லை பாருங்கள். இருந்தாலும் சிவப்பு முழுக்க வடிகிறவரை கதவைத் திறக்கவில்லை. மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகப் பொய் சொன்னேன். தெளிந்த கண்ணோடு அவள் தெருவில் விளையாடப் போன அன்று பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கன்னத்தைக் கிள்ளுகிற சாக்கில் கண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகும் முதலில் பாறைமேல் கால் வைக்க எவளுக்கும் துணிவு வரவில்லை. வைத்தது யார் தெரியுமா? துரத்தப்பட்டாளே, மாறுகண் பிள்ளையைப் பெற்றவள், அவள்தான். தன்னந்தனியாக வேறொரு சரிவில் பட்டை உரித்துக்கொண்டு இருந்தவள், ஒருநாள் தலை நிறையச் சுமையோடு நட்டுக்கல்லைத் தாண்டி நேரே நடந்தாள். "எனக்கு இனிமே இன்னா புதுசா வரப்போவுது?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, வேண்டுமென்றே ஒவ்வொரு காலையும் ஓங்கி ஓங்கி மிதித்தாள். அக்கா அங்கேதான் புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் கடந்து போகும்போது குனிந்து அவள் காலைத் தொட்டாள். நடந்தவள் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவள் முள்ளுப் பள்ளத்தைச் சுற்றாமல் நமக்கு முன்னால் வண்டிக்குப் போய்விடுகிறாளே என்று மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. கழுத்து வலி பயத்தைவிடப் பெரியது. ஒருத்தி இறங்கினாள், பிறகு ஒருத்தி. கோடை வருவதற்குள் பாறையில் தடம் விழுந்துவிட்டது. ஆடுகளும் வந்தன. எருமைக்காரன் மட்டும் மறுபடி வரவேயில்லை.

அடுத்த மழை விட்டதும் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனேன், என் மகள் முன்னால் ஓடினாள். பாறைமேல் எங்கள் ஊர்ப் பெண்களின் காலடித் தடங்கள் மேலும் கீழுமாய்க் கிடந்தன. குதிகால் பள்ளத்திலும் விரல் பள்ளத்திலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டுகள். நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவள் விரலைப் பிடித்து ஒரு இலைமேல் வைத்தேன்.

அவள் குனிந்தபடி விரலை மெல்ல எடுத்து, மறுபடியும் வைத்தாள்.

"ஒட்டுதுடி," என்றாள்.

அதற்குள் என் மகள் பாறையின் மேல்பக்கம் ஏறிவிட்டாள். வெறுங்காலோடு திமுதிமுவென்று ஓடிவருகிற சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று தலையைத் தூக்கினாள். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பழைய வழக்கத்தில் "மிதிக்காத" என்று அதட்டிவிடுவாளோ என்று எனக்கு ஒரு கணம் ரத்தம் உறைந்துவிட்டது.

"மிதி கண்ணு," என்றாள் அக்கா. "நல்லா மிதி."